அட்டவணை நிரம்புகிறது, ஒப்பீடு நிகழவில்லை: கருத்துகளின் ஒற்றுமை வேற்றுமைகளைக் காண மாணவரைப் பழக்குவது எப்படி?

முல்லை வரலாறு எழுதியது:

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் குளமொன்றை அண்டிய கிராமப் பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு வரலாறும் குடியுரிமைக் கல்வியும் கற்பித்து வருகிறேன். எங்கள் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் நெற்செய்கைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் நந்திக்கடலிலும் கரையோரத்திலும் தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். வாசிப்பிலோ நினைவாற்றலிலோ இவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் இரண்டு கருத்துகளைக் கொடுத்து ‘ஒப்பிடுக’ என்றோ ‘வேறுபடுத்துக’ என்றோ கேட்டால் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். அடிமட்டத்தை வைத்துக் கொப்பியின் நடுவில் ஒரு கோடு கீறுவார்கள்; இடப்பக்கம் ஒன்றைப் பற்றித் தெரிந்தவற்றையும் வலப்பக்கம் மற்றதைப் பற்றித் தெரிந்தவற்றையும் எழுதுவார்கள்; அத்துடன் விடை முடிந்துவிட்டதாகக் கருதுவார்கள்.

தரம் 11 மாணவர் ஒருவரின் விடையை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையில் 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டத்தையும் 1947இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியல் திட்டத்தையும் வேறுபடுத்துமாறு கேட்டிருந்தேன். முதல் நிரையில் இடப்பக்கம் “சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது” என்றும், அதற்கு நேரே வலப்பக்கம் “செனட் சபை அமைக்கப்பட்டது” என்றும் எழுதியிருந்தார். அடுத்த நிரையில் “ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன” என்பதற்கு நேரே “29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பளித்தது” என்று இருந்தது. நான்கு கூற்றுகளும் பாடநூலில் உள்ளவை. ஆனால் எந்த நிரையிலும் வேறுபாடு இல்லை. சர்வசன வாக்குரிமை சோல்பரித் திட்டத்திலும் தொடர்ந்தது. ஆகவே அந்தப் பிள்ளை ஓர் ஒற்றுமையை வேறுபாட்டு அட்டவணையில் எழுதியிருக்கிறார். இதைக் குறித்து நான் கேட்டபோது, “இரண்டும் வேறு வேறு விடயந்தானே” என்று மிகுந்த நம்பிக்கையோடு பதிலளித்தார்.

நிகழ்வுகளையும் அமைப்புகளையும் ஒப்பிடும்போதே நிலைமை இதுவென்றால், குடியுரிமைக் கல்வியில் வரும் கருத்துகளை ஒப்பிடுவது இன்னும் கடினமாகிறது. உரிமை, சலுகை, நிவாரணம், நட்டஈடு ஆகிய சொற்களை எங்கள் பிள்ளைகள் வீட்டிலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். வேறு மாவட்டத்துப் பிள்ளைகளை விட இவர்களுக்கு இவை நெருக்கமானவை. அப்படியிருந்தும் உரிமையையும் சலுகையையும் ஒப்பிடச் சொன்னால், இரண்டு வரைவிலக்கணங்களை அடுத்தடுத்து எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்றை மற்றொன்றுடன் வைத்துப் பார்க்கும் செயல் நிகழவே இல்லை.

ஒற்றுமையிலிருந்து தொடங்குவதா, வேற்றுமையிலிருந்து தொடங்குவதா? அட்டவணையை எந்தக் கட்டத்திற் கொடுப்பது? நாற்பது நிமிடப் பாடவேளைக்குள், சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடப்பரப்பையும் முடிக்க வேண்டிய நிலையில், இதை எவ்வாறு செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

---

கனகராயன் கரை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில் நீண்டகாலமாக வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், நீங்கள் காட்டிய விடையைப் போன்றவற்றை நானும் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல இடமில்லை. தரம் 6 முதலே வேறுபாட்டு அட்டவணையை நாம் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். அதனால் ஒப்பீடு என்பது இரண்டு நிரல்களை நிரப்பும் வேலை என்றே அவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். அந்த அட்டவணையை உருவாக்கியவர் மனதில் எழுந்த கேள்விகள் எவையும் அவர்களுடைய கொப்பிக்கு வந்து சேர்வதில்லை.

அந்தக் கேள்விகளை வெளியே கொண்டுவருவதற்காக நான் அட்டவணையில் மூன்றாவது நிரலொன்றைச் சேர்த்தேன். அது நடுவில் இருக்கும். முதலில் நிரப்பப்பட வேண்டியதும் அதுவே. அதற்கு ‘எந்த வகையில்?’ என்று தலைப்பிடுகிறோம். அங்கே ஒரு கேள்வி எழுதப்பட்ட பின்னரே இரு பக்கங்களிலும் எழுதலாம். இரு பக்கத்து விடைகளும் அந்த ஒரே கேள்விக்கு உரியவையாக இருக்க வேண்டும். உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். நடுவில் “நிறைவேற்று அதிகாரம் யாரிடம் இருந்தது?” என்று எழுதினால், இடப்பக்கம் ஏழு நிர்வாகக் குழுக்களும் அவற்றின் தலைவர்களான அமைச்சர்களும் வருவர், வலப்பக்கம் பிரதமர் தலைமையிலான அமைச்சரவை வரும். “சட்டமன்றம் எத்தனை சபைகளைக் கொண்டிருந்தது?” என்று எழுதினால் ஒருபுறம் அரசாங்க சபை ஒன்று மட்டும், மறுபுறம் செனட் சபையும் பிரதிநிதிகள் சபையும். “சிறுபான்மையினர் நிலை எவ்வாறு கையாளப்பட்டது?” என்ற கேள்விக்கு இடப்பக்கம் இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டுப் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் வந்தமை, வலப்பக்கம் 29ஆம் பிரிவு. “யாருக்கு வாக்குரிமை?” என்று எழுதிய பிள்ளை இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே விடை வருவதைக் கண்டு தானாகவே நிற்கும். அந்த நிரையை ஒற்றுமைப் பகுதிக்கு மாற்ற வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டிய அவசியமே எழாது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. டெட்ரே ஜென்ட்னர், ஆர்தர் மார்க்மன் என்னும் உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பில்லாத இரு பொருள்களை விட ஒத்த தன்மையுள்ள இரு பொருள்களுக்கிடையிலேயே மனிதர்கள் வேறுபாடுகளை இலகுவாகக் கண்டறிகிறார்கள் என்று காட்டினார்கள். முதலிற் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஒத்திருக்கும் இரண்டில் ஓர் உறுப்புக்கு நேரே மற்றதன் உறுப்பு நிற்பதால், எங்கே மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் மாணவரின் அட்டவணையில் இல்லாதது இந்த நேர்நிலைதான்.

ராபர்ட் மார்சானோவும் அவருடைய சகாக்களும் 2001இல் வகுப்பறைக் கற்பித்தல் உத்திகளைத் தொகுத்தபோது, ஒற்றுமை வேற்றுமைகளை இனங்காணலை முதலிடத்தில் வைத்ததைப் பயிற்சிக் கருத்தரங்குகளிற் பலர் எடுத்துக்கூறுவார்கள். அவர்கள் அதற்குள் ஒப்பிடல், வகைப்படுத்தல், உருவகம் அமைத்தல், ஒப்புமை அமைத்தல் ஆகிய நான்கையும் சேர்த்தே பேசினார்கள். எங்கள் கருத்தரங்குகளில் இந்த நான்கும் சுருங்கி அட்டவணையும் வென் வரிப்படமும் (ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள்) மட்டுமாக எஞ்சிவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

---

மல்லாவித் தமிழ் எழுதியது:

சேர் எழுதியதை வாசித்தபோது, இதே விடயத்தை நாங்கள் தமிழ்ப் பாடத்தில் வேறு பெயரிற் கற்பிக்கிறோமே என்ற எண்ணம் எழுந்தது. அணியிலக்கணத்தில் வேற்றுமையணி என்றொன்று உண்டு. இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள ஒப்புமையை முதலிற் கூறி அல்லது குறிப்பால் உணர்த்தி, பின்னர் அவற்றை வேறுபடுத்துவதே வேற்றுமையணி. ஒப்புமை இல்லையென்றால் அணியே அமையாது.

129ஆம் குறளை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள்:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

தீயும் நாவும் எந்த வகையில் ஒன்று? இரண்டும் சுடுகின்றன, இரண்டும் காயத்தை உண்டாக்குகின்றன. இந்த ஒற்றுமையை வைத்த பிறகே வள்ளுவர் வேறுபாட்டுக்கு வருகிறார். ஒரு காயம் உள்ளே ஆறிவிடும், மற்றது ஆறாது. ‘தீ சிவப்பாக இருக்கும், நாக்கு வாய்க்குள் இருக்கும்’ என்று அவர் சொல்லவில்லை. அவையும் வேறுபாடுகள்தாம், ஆனால் காயம் என்ற பொது அடிப்படைக்கு வெளியே நிற்பவை. இந்த இடத்தைக் காட்டி, “வள்ளுவர் ஏன் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் தேர்ந்தார்?” என்று கேட்டால், பொருத்தமான வேறுபாட்டுக்கும் பொருத்தமற்ற வேறுபாட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தரம் 9 பிள்ளைகளும் விளங்கிக்கொள்கிறார்கள்.

உவமை தோன்றும் இடங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்று பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லலாம். சேர் சொல்லும் நடு நிரலுக்கு இதை விடப் பழைய மாதிரி நம்மிடம் இல்லை. கருத்துகளை ஒப்பிடும்போது மெய்யும் உருவும் பயன்படா. வினையும் பயனும் நன்றாகவே பயன்படும். இந்தக் கருத்து என்ன செய்கிறது, அதனால் யாருக்கு என்ன விளைகிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு உரிமையையும் சலுகையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒருவருக்கு ஏதோ ஒன்றைப் பெற்றுத் தருகின்றன. வினையில் ஒற்றுமை உண்டு. பயனிற் பார்த்தால், சலுகை கிடைக்காதபோது ஒருவர் மீண்டும் வேண்டுகோள் விடுக்கலாம். உரிமை மறுக்கப்பட்டால் அவர் காரணம் கேட்கலாம், முறையிடலாம், வழக்காடலாம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பல பிள்ளைகளுக்குச் சிந்தனை வந்துவிடுகிறது, அதைத் தாங்கும் வாக்கியம் வருவதில்லை. அட்டவணையில் தனித்தனிச் சொற்றொடர்களை எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டு கருத்துகளை ஒரே வாக்கியத்திற் பிணைக்கும் பழக்கம் இல்லை. ஆகவே அட்டவணைக்கு முன்னர் ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லுகிறேன். “இரண்டுமே … செய்கின்றன, எனினும் முன்னையது …, பின்னையதோ …” என்ற அமைப்பைக் கொடுத்து, வெற்றிடங்களைத் தாங்களே நிரப்ப விடுகிறேன். முதற் பாதியை நிரப்ப முடியாத பிள்ளைக்கு இன்னும் ஒற்றுமை தெரியவில்லை என்று எனக்கு உடனே புரிந்துவிடும். தமிழ் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே தவணையில் இந்த அமைப்பைப் பயன்படுத்தினால் பலன் இரட்டிப்பாகும்.

---

துணுக்காய் ஆரம்பப்பிரிவு எழுதியது:

நான் தரம் 4 கற்பிக்கிறேன். எங்களிடம் வரும்போதே இதைத் தொடங்கிவிடலாம் என்பதற்காக ஒரு சிறு பயிற்சியை மட்டும் பகிர்கிறேன். இறால், நண்டு, திருக்கை, கணவாய் என நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, “இவற்றுள் எது சேராது?” என்று கேட்பேன். சரியான விடை ஒன்றுதான் என்று சொல்வதில்லை. முதுகெலும்புள்ளது திருக்கை மட்டுமே என்று ஒரு பிள்ளை சொல்லும்; மை பீச்சுவது கணவாய் மட்டுமே என்று இன்னொரு பிள்ளை சொல்லும்; பக்கவாட்டில் நடப்பது நண்டு மட்டுமே என்று மூன்றாவது பிள்ளை சொல்லும். ஒவ்வொரு முறையும் “அப்படியென்றால் மற்ற மூன்றும் எந்த வகையில் ஒன்று?” என்று கேட்பேன். அதற்கும் பதில் சொன்னால்தான் விடை ஏற்கப்படும். பார்க்கும் கோணம் மாறும்போது கூட்டமும் மாறும் என்பதைப் பிள்ளைகள் இப்படியே பழகிக்கொள்கிறார்கள். மேல் வகுப்புக்குப் போகும்போது இந்தப் பழக்கம் ஏன் விட்டுப்போகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

பரந்தன் விஞ்ஞானம் எழுதியது:

நடு நிரலை ஆசிரியர் கொடுப்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. முதலில் அது உதவும். ஆனால் பரீட்சைக்காகப் படிக்கும் பிள்ளை இரண்டு நிரல்களை மனனம் செய்ததைப் போலவே மூன்று நிரல்களையும் மனனம் செய்துவிடும். ஒப்பிடுவதற்கான அடிப்படையைத் தேர்ந்தெடுப்பதே ஒப்பீட்டின் கடினமான பகுதி. அதை நாமே செய்துகொடுத்தால் பிள்ளைக்கு எஞ்சுவது எழுத்து வேலை மட்டுமே.

விஞ்ஞானத்தில் திணிவையும் (ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு) நிறையையும் (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை) எடுத்துக்கொள்ளுங்கள். “திணிவின் அலகு கிலோகிராம், நிறையின் அலகு நியூற்றன்” என்று எல்லோரும் எழுதுவார்கள். ‘அலகு என்ன?’ என்ற ஒரே அடிப்படைக்கு இரு பக்கமும் விடை இருக்கிறது. கனகராயன் கரை சேரின் விதிப்படி அது குற்றமற்ற நிரை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் திணிவும் தெரியாது, நிறையும் தெரியாது. ஏனென்றால் அலகு வேறுபடுவது விளைவே தவிரக் காரணம் அல்ல.

இதனால் நான் விளக்கத்துக்கு முன்னர் இரண்டு நிலைமைகளை மட்டும் கொடுக்கிறேன். ஆறு கிலோ அரிசிப் பை ஒன்று இங்கே இருக்கிறது. அதே பை சந்திரனில் இருக்கிறது. சந்திரனின் ஈர்ப்பு ஏறத்தாழப் பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்றராசில் (சுருள்வில் தராசில்) தொங்கவிட்டால் இரண்டு இடங்களிலும் என்ன வாசிப்பு வரும்? இரு தட்டுத் தராசில் ஒரு தட்டில் பையையும் மறு தட்டில் ஆறு கிலோப் படிகளையும் வைத்தால் என்ன நடக்கும்? விற்றராசு இங்கே சுமார் 60 நியூற்றனும் அங்கே சுமார் 10 நியூற்றனும் காட்டும் என்பதைப் பிள்ளைகள் கணித்துவிடுகிறார்கள். தட்டுத் தராசு அங்கும் சமநிலையிலேயே நிற்கும் என்று கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எப்போதும் ஒரு வாக்குவாதம் நடக்கும். படிகளும் அதே அளவுக்கு இலேசாகிவிடுகின்றன என்று யாராவது ஒருவர் சொன்ன பிறகுதான் அது அடங்கும். பை மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. ஆகவே எது மாறியது, எது மாறவில்லை என்பதே அடிப்படை. அதைப் பிள்ளைகளே சொல்லுகிறார்கள். டானியல் சுவார்ட்ஸ், ஜோன் பிரான்ஸ்போர்ட் ஆகியோர் 1998இல் எழுதியதும் இதைத்தான்: மாறுபடும் நிலைமைகளை முதலில் தாமே ஆராய்ந்துவிட்டுப் பின்னர் விளக்கத்தைக் கேட்ட மாணவர், பாடப்பகுதியைச் சுருக்கி எழுதிவிட்டு அதே விளக்கத்தைக் கேட்டவர்களை விட ஆழமாக விளங்கிக்கொண்டார்கள்.

மேலோட்டமான ஒற்றுமை பிள்ளைகளை எவ்வளவு ஈர்க்கும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. மிச்செலின் சீயும் அவருடன் பணியாற்றியோரும் 1981இல் பௌதிகவியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிதாகக் கற்பவர்கள் சாய்தளக் கணக்குகள், சுருள்வில் கணக்குகள் என்று பிரித்தார்கள். துறை வல்லுநர்களோ சக்திக் காப்பு போன்ற தத்துவங்களைக் கொண்டு பிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ‘இரண்டும் அரசியல் திட்டம்’, ‘இரண்டும் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது’ என்ற அளவில் ஒற்றுமை சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தது. முதல் ஒற்றுமையை ஏற்றுக்கொண்டு, “இன்னும் உள்ளே?” என்று கேட்க வேண்டும்.

ஒப்புமை எங்கே முறிகிறது என்பதையும் கேட்கப் பழக்க வேண்டும். மின்னோட்டத்தை வாய்க்கால் நீரோடு ஒப்பிடுவது எங்கள் பகுதியில் மிக எளிது. இரணைமடுக் குளத்தின் துருசை (மதகை) திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். ஆனால் வாய்க்காலை ஓரிடத்தில் வெட்டினால் நீர் அந்த வழியே வெளியே பாயும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் வெளியே கொட்டாது, சுற்று முழுவதிலும் நின்றுவிடும். இந்த முறிவைச் சொல்லாத ஒப்புமை பிள்ளையின் மனதில் பிழையான கருத்தாகவே தங்கிவிடும்.

---

அளவையியல் வவுனியா எழுதியது:

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் கற்பிப்பவன் என்ற வகையில் சுருக்கமாக இரண்டு குறிப்புகள்.

ஒரு பிரிப்பில் ஓர் அடிப்படையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது வகைப்படுத்தலின் அடிப்படை விதி. அரசுகளை ‘முடியாட்சி, குடியாட்சி, செல்வந்த நாடுகள்’ என்று பிரித்தால் முதல் இரண்டும் ஆட்சிமுறையையும் மூன்றாவது பொருளாதாரத்தையும் பற்றியவை. முதற் பதிவிற் காட்டப்பட்ட மாணவரின் பிழையும் இந்த விதியை மீறியதால் வந்ததே. அடுத்து, ஒரு பொருளை வரையறுக்க அது எந்தப் பொதுவகையைச் சேர்ந்தது என்பதையும் அந்த வகையிலுள்ள மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அரிஸ்டோட்டில் காலத்து முறை. ஆகவே இரண்டு வரைவிலக்கணங்களை அடுத்தடுத்து எழுதும் பிள்ளையை முற்றாக நிராகரிக்க வேண்டாம். அந்த வரைவிலக்கணங்கள் இரண்டிலும் பொதுவகை எது, வேறுபடுத்தும் பண்பு எது என்று நிறப் பேனையாற் கோடிடச் செய்தால், ஒப்பீட்டின் பாதி வேலை ஏற்கெனவே அங்கே கிடப்பது தெரியும்.

விஞ்ஞான ஆசிரியர் சொன்னதில் உடன்படுகிறேன். ஆயினும் நடு நிரலைக் கைவிடத் தேவையில்லை. முதல் தவணையில் கொடுங்கள். இரண்டாவதில் ஒன்றிரண்டை மட்டும் கொடுங்கள். மூன்றாவதில் வெறுமையாக விடுங்கள்.

---

முல்லை வரலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் யோசனைகளை இணைத்து, தரம் 10 குடியுரிமைக் கல்வி வகுப்பிற் சமத்துவம், சமநீதி ஆகிய கருத்துகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். நடந்ததை விபரமாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும்.

கருத்துகளின் பெயர்களை நான் முதலிற் சொல்லவே இல்லை. பரந்தன் ஆசிரியர் கூறியவாறு நிலைமைகளை மட்டும் கொடுத்தேன். குளத்தில் நீர் குறைந்துவிட்டது. சிறுபோகத்தில் (மழை குறைந்த பருவத்து நெற்செய்கையில்) மொத்த வயலில் மூன்றில் ஒரு பங்கையே செய்ய முடியும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மூன்று யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவு ஏக்கர் என்பது ஒன்று. அவரவர் வயலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்று ஏக்கர் உள்ளவருக்கு ஒரு ஏக்கர், ஆறு ஏக்கர் உள்ளவருக்கு இரண்டு ஏக்கர் என்பது மற்றொன்று. வேறு வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு முதலிடம் என்பது மூன்றாவது. இப்படியான பேச்சுகளைத் தகப்பன்மாரும் மாமன்மாரும் வீட்டில் பேசக் கேட்டவர்கள் ஆதலால், பிள்ளைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எந்த யோசனை நல்லது என்று உடனே சண்டையிடத் தொடங்கினார்கள். அதை நிறுத்தி, மூன்றும் எந்த வகையில் ஒன்று என்று கேட்டேன்.

வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு, மூன்றும் தண்ணீரைப் பற்றியவை என்றார் ஒருவர். “இன்னும் உள்ளே?” என்று கேட்டேன். எந்த யோசனையும் பலமுள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லவில்லை என்று பின் வாங்கிலிருந்து ஒரு பதில் வந்தது. மூன்றிலும் ஒரு விதி இருக்கிறது, அந்த விதியை எல்லோருக்கும் சொல்லலாம் என்று இன்னொருவர் சேர்த்தார். நீதி என்ற கருத்தின் அடித்தளத்தைப் பாடநூலைத் திறக்காமலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து வேறுபாடு. நடு நிரலுக்கான கேள்வியை அவர்களே எழுத வேண்டும் என்றேன். ‘யாருக்குக் கூடக் கிடைக்கும்?’ என்பதே பல குழுக்களிடமிருந்து வந்த கேள்வி. அது தவறல்ல, ஆனால் விடை குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதாற் கருத்துகளின் வேறுபாடு வெளிப்படவில்லை. ஒரு குழு மட்டும் ‘எதைச் சமமாக்குகிறது?’ என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதியதும் மாணவி ஒருவர் எழுந்து, “முதலாவதில் காணி சமம், ரீச்சர், இரண்டாவதில் நட்டத்தின் பங்கு சமம், மூன்றாவதில் சாப்பாடு சமம்” என்றார். நான் எழுதிவைத்திருந்த பாடக்குறிப்பில் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை. அந்தக் கூற்றை அப்படியே எல்லோருடைய கொப்பியிலும் எழுதச் செய்தேன். சமத்துவம், சமநீதி என்ற பெயர்களை அதன் பின்னரே அறிமுகப்படுத்தினேன். எந்த யோசனை எந்தப் பெயருக்கு அருகில் வரும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். இரண்டாவது யோசனையை எங்கே வைப்பது என்பதில் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். அதை நான் தீர்த்துவைக்கவில்லை.

பாடவேளை முடியும் தறுவாயில் ஒரு மாணவர், குத்தகைக்கு வயல் செய்பவர் யாருடைய கணக்கிற் சேர்வார் என்று கேட்டார். மூன்று யோசனைகளும் இதைப் பற்றி எதுவும் கூறவில்லை என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வகுப்பு கவனித்தது. இது புதியதோர் அடிப்படை: பங்குக்கு உரியவர் யார்? உரிமையையும் சலுகையையும் ஒப்பிடும் அடுத்த பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். குத்தகைக்காரருக்குப் பங்கு கிடைப்பது அவருடைய உரிமையா, காணிக்காரர் காட்டும் தயவா என்ற விவாதத்தில், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

மல்லாவி ஆசிரியையின் வாக்கிய அமைப்பையும் கொடுத்தேன். வாய்மொழியில் நன்றாக ஒப்பிட்டவர்களிற் சிலர் எழுதும்போது மீண்டும் இரண்டு வரைவிலக்கணங்களுக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் ‘இரண்டுமே’ என்று தொடங்கியவர்கள் எவரும் அவ்வாறு திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு பாடவேளைக்குள் இது அடங்கவில்லை. எல்லாப் பாடங்களுக்கும் இப்படிச் செய்ய இயலாது. தவணைக்கு ஓரிரு அடிப்படைக் கருத்துகளைத் தேர்ந்து செய்தாற் போதும் என்று நினைக்கிறேன். புள்ளியிடுவது பற்றி மட்டும் ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. வகுப்புப் பரீட்சையில் இப்படியான விடைகளுக்கு எவ்வாறு புள்ளி வழங்குகிறீர்கள்?

---

கனகராயன் கரை எழுதியது:

மாணவி சொன்ன வாக்கியத்தை என் வகுப்பிலும் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன். அவருடைய கூற்றில் அடிப்படை ஒன்று, நிலைமைகள் மூன்று, சொற்கள் மிகக் குறைவு.

புள்ளியிடலைப் பொறுத்தவரை, நான்கு புள்ளிகளுக்குரிய ஒப்பீட்டு வினாவில் அடிப்படையைத் தெளிவாகக் கூறியதற்கு ஒரு புள்ளி, இரு பக்கமும் அந்த அடிப்படைக்கு நேராக எழுதியதற்கு இரண்டு, அந்த வேறுபாட்டால் என்ன விளைகிறது என்று ஒரு வாக்கியம் எழுதியதற்கு ஒன்று என்று பிரிக்கிறேன். இந்தப் பிரிப்பைப் பரீட்சைக்கு முன்னரே வகுப்பிற் சொல்லிவிட வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு நிரல்களை மட்டும் எழுதினாலும் புள்ளி கிடைக்கக்கூடும் என்று பெற்றோர் கேட்பார்கள். நடு நிரலை மனதில் வைத்து இரண்டு நிரல்களை எழுதும் பிள்ளையின் விடையில் நிரைகள் தாமாகவே நேராக அமைந்துவிடும் என்பதை, அவர்களுடைய பிள்ளையின் பழைய விடைத்தாளையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். விஞ்ஞான ஆசிரியர் விரும்பியவாறு, அடிப்படையைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்த முதற் புள்ளியை முழுமையாகவும், கொடுக்கப்பட்ட அடிப்படையைப் பயன்படுத்தியவருக்கு அரைப்புள்ளியும் வழங்கலாம். வருகிற தவணைப் பரீட்சையிலிருந்து நானும் அப்படியே செய்யப் போகிறேன்.